முனையம்

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், திருமழிசையை ஒட்டிய குத்தம்பாக்கத்தில் சிஎம்டிஏவின் வெளியூர்ப் பேருந்து வளாகத்துக்குப் பெயர் முனையம். லினக்ஸில் கட்டளை தட்டும் கருப்பு ஜன்னலுக்கும் அதே பெயர்தான்.

வேர், முனை. குமரிமுனையில் அது நிலத்தின் கடைசி; தெருமுனையில் திருப்பம்; போர்முனையில் முன்வரிசை. முடிவையும் முன்னணியையும் ஒரே சொல் சுமப்பது தமிழின் வசதி. ஆங்கில டெர்மினலின் மூலமான லத்தீன் ‘டெர்மினஸ்’ எல்லை, முடிவு என்பதோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கற்களுக்குப் பழைய ரோமில் அதே பெயரில் ஒரு தெய்வமும் இருந்தது.

கணினியில் முனையம் என்பது முதலில் நிஜமான கருவி: பெரிய கணினியிலிருந்து வரும் கம்பியின் மறுமுனை. டெலிடைப் காலத்தில் அச்சான காகிதம் தரையில் சுருண்டு கிடக்கும், பழைய வரி வேண்டுமானால் இழுத்துப் படிக்கலாம். 1978-இல் வந்த விடி100 என்ற முனையத்தின் திரையில் 24 வரிகள்தான். மேலே நகர்ந்த வரி போனதுதான்.

இன்றைய முனையம் அந்தக் கருவியைப் போல நடிக்கும் மென்பொருள். தொலைந்த காகிதத்தை அது ‘ஸ்க்ரோல்பேக்’ என்று நினைவகத்தில் மீட்டுத் தருகிறது. எத்தனை வரி என்பது நம் அமைப்பைப் பொறுத்தது. ஒரே முனையத்துக்குள் பல முனையங்களைத் திறந்து வைக்கும் குனு ஸ்க்ரீன் தானாக வைப்பது 100. நீண்ட பிழைச்செய்திக்கு அது எந்த மூலைக்கு? அதே வேலையைச் செய்யும் டிமக்ஸ் 2,000 வைக்கும். அதன் ‘ஹிஸ்டரி-லிமிட்’ என்ற வரி வரம்பை உயர்த்தினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் பலகங்களில் பழைய அளவே நீடிக்கும், புதிதாகத் திறப்பவற்றுக்கே புதிய அளவு பொருந்தும்.