வழி அறிந்தவர்கள்

உலகப் பயணி இப்னு பதூதா நம் மதுரையையும் கண்டவர். அப்போது அங்கே சுல்தானாக இருந்த கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர். நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. தாமும் கடுங்காய்ச்சலில் விழுந்து, புளியைக் கரைத்துக் குடித்துத் தேறியதை அவர் தம் 'ரிஹ்லா'வில் பதிந்துள்ளார்.

அவரே ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாள் (1352) மொரோக்கோவின் சிஜில்மாஸாவிலிருந்து சஹாராவுக்குள் புறப்பட்டார். ஒட்டகங்களும் அவற்றுக்கு நான்கு மாதத் தீவனமும் முன்கூட்டியே வாங்கப்பட்டன. 25 நாட்களில் உப்புப் பாளங்களால் வீடு கட்டும் தகாஸாவை அடைந்தனர். அதற்கு அப்பால் பத்து நாள் வழியில் நீர் அரிது. தாஸரஹ்லாவில் தங்கித் தோல்பைகளைச் செப்பனிட்ட பின், 'தக்ஷீஃப்' எனப்படும் வழிகாட்டியை அமர்த்தினர். அவன் தனியாக முன்சென்று வலாத்தாவில் சேதி சொன்னால்தான், அவ்வூரார் நான்கு இரவுப் பயணத் தொலைவு நீருடன் எதிர்வருவர். அவன் வழியில் மடிந்தால் கூட்டமே மடியும். கூலி நூறு மிஸ்கால் பொன். சாத்தை நடத்திச் சென்றவனுக்கோ ஒரு கண் குருடு, மறுகண்ணில் நோய். அவனினும் வழி அறிந்தவர் இல்லையாம்!

மதுரைச் சமவெளியின் நோய்களுக்கு அஞ்சியே அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் பழனி மலைமீது கோடைக்கானலில் வீடு கட்டினர். அங்கே செல்வதும் அந்நாளில் பல நாள் ஏற்பாடே. 1875இல் இரயில் அம்மையநாயக்கனூரைத் தொட்ட பிறகும், அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். அதன்பின் வண்டித்தடமும் கிடையாது. சுமார் 18 கிலோமீட்டர் செங்குத்தான ஒற்றையடிப்பாதை. இயன்றவர் நடந்தனர், சிலர் குதிரையேறினர். பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து செல்லப்பட்டனர். அரிசி மூட்டை முதல் வீட்டுத் தட்டுமுட்டுவரை மனிதத் தலைமீதே ஏறின. ஆள் கிடைக்குமா என்பதே ஏற்பாட்டின் முதற்கேள்வியாக இருந்திருக்கும் என நாம் கருதுகிறோம்.

பிற்காலத்தில் மோட்டார் ஏறிய மலைச்சாலை, அதனைத் தொடங்கிய மேஜர் லா என்பாரின் பெயரால் 'லாஸ் காட்' எனப்பட்டது. பழைய நடைபாதையை ஆங்கிலேயர் 'கூலி காட்' என்றனர். மலையேற்றிய தோள்களுக்கு உரியவர் எவர் பெயரும் அதில் இல்லை. இப்னு பதூதாவும் தம் வழிகாட்டிகளின் பெயரை எழுதவில்லைதான். ஆனால் முன்சென்றவனுக்குக் கொடுத்த பொன்னின் அளவையும் சாத்தை நடத்திச் சென்றவன் கண்களின் நிலையையும் எழுதி வைத்தார். கூலி காட்டில் ஏறியவர்களைப் பற்றி அவ்வளவேனும் நமக்கு எட்டவில்லை.