இணையத் தமிழின் குறியாக்கச் சிக்கல்: 1991–2010

1990களின் பிற்பகுதியில், பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டி மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் வந்து நிற்கும். கணினியைப் பொறுத்தவரை எழுதப்பட்டதே அதுதான். அந்த ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதோடு எழுத்துருவின் வேலை முடிந்தது. இணையத் தமிழின் முதல் பதினைந்து ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்தப் போர்வையைக் களைய நடந்த முயற்சியின் வரலாறு.

சிக்கலின் வேர் 1963இல் வெளியான ஆஸ்கி தரப்பாட்டில் இருக்கிறது. ஏழு பிட்களால் ஆன அதில் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி போன்றவற்றுக்கே அவை சரியாகப் போயின. எட்டாவது பிட்டைச் சேர்த்தால் இன்னும் 128 இடம் கிடைக்கும். தமிழ் எழுத்துகளோ 247. கொம்பு, கால், விசிறி போன்ற குறிகளைத் தனியே பிரித்துக்கொண்டால் எண்ணிக்கை குறையும் என்றாலும், உகர ஊகார வரிசைகள் அதற்கு மசியவில்லை. கு, சு, டு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. எதை எந்த எண்ணில் வைப்பது என்பதை, அதாவது குறியாக்கத்தை, எழுத்துரு வடிவமைத்தவர் தம் விருப்பப்படி முடிவு செய்தார்.

முன்னோடிகள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தனர். சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை வலையேற்றினார். இதைப் புலம்பெயர்ந்தோரின் மொழிப்பற்று என்று மட்டும் விளக்குவது வழக்கம். அது பாதி உண்மை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டதே 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள்தான். சென்னைக்காரர் கைக்குக் கம்பி வந்து சேரும்போது, வெளிநாட்டுத் தமிழர் ஆளுக்கொரு வழி போட்டுவிட்டிருந்தனர்.

நாளிதழ்களும் வார இதழ்களும் வலைக்கு வந்தபோது குழப்பம் பெருகியது. இதழுக்கு ஓர் எழுத்துரு. ஒன்றை இறக்கி நிறுவியவர் அடுத்த தளத்துக்குப் போனால் மறுபடி இறக்க வேண்டும். பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவரும் 'இயங்கு எழுத்துரு' நுட்பம் கொஞ்சம் உதவியது. அதிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை.

தரப்பாடு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது தரப்பாடு என்பதில்தான் சண்டை. 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு நடந்தது. இணையவழியே ஆர்வலர்கள் விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' குறியாக்கம் ஒருபுறம் பரவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு குறியாக்கங்களையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றது. டாப், ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத. டாம், தமிழ் மட்டும் எழுத. ஒரு தரப்பாட்டைத் தேடிப் போனவர்கள் மூன்றோடு திரும்பினார்கள்.

இந்த மாநாடுகளுக்கு முன்பே, 1991இல், யூனிகோடு வெளிவந்திருந்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான ஓர் எண் தருவது அதன் அடிப்படை. ஆனால் தமிழுக்கு அது தந்த கட்டம், இந்திய அரசின் இஸ்கி தரப்பாட்டை ஒட்டி, தேவநாகரியின் அச்சில் அமைந்தது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று காலி இடங்கள்; வடமொழி வர்க்க எழுத்துகளின் இருப்பிடம் அவை. வரிசையும் நம் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், அதன்பின் ல, ள, ழ, வ. எண்களை மட்டும் பார்த்துச் சொற்களை அடுக்கினால் அகராதி குலைந்துபோகும். யூனிகோடு எண்களைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடித்தது. 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகிப் பதினைந்து பைட் கேட்டது. தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு ஊர்ந்த காலத்தில் இது சின்ன விஷயமன்று.

இந்தக் குறைகளை எடுத்துக்காட்டியவர்களை வளர்ச்சிக்கு எதிரிகளாகச் சித்திரிப்பது நியாயமில்லை. அவர்கள் சொன்னவை சரியே. ஆனால் அகரவரிசைக் குறையைத் தனி வரிசைப்படுத்தல் விதிகள் தீர்த்தன. பைட் சுமையை வேகமான இணைப்புகள் மறக்கடித்தன. குறுஞ்செய்தியில் மட்டும் அந்தச் சுமை அப்படியே நின்றது: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறிகளோடு நிரம்பிவிடும்.

யூனிகோடு வென்றது மாநாட்டு மேடையில் அன்று. விண்டோஸ் 2000, 'லதா' என்ற தமிழ் யூனிகோடு எழுத்துருவோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் வட்டார அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, குறுந்தகட்டைச் செருகினால் போதும். அதன்பின் எந்த யூனிகோடு தளமும் தானே தெரிந்தது. இறக்கி நிறுவும் பாடு வாசகரை விட்டு இயங்குதளத்தின் தலையில் விழுந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் திருப்பம் என்று கருதுகிறேன். தேடுபொறி அடுத்த அடியைக் கொடுத்தது: பாமினியில் எழுதிய பக்கம் அதற்கு அர்த்தமற்ற ஆங்கிலம், யூனிகோடுப் பக்கம் தேடினால் கிடைத்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பழைய குறியாக்கங்களின் பக்கமே போகவில்லை.

தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடை முறைப்படி ஏற்றது. கூடவே 'டேஸ் 16' என்ற 16 பிட் குறியாக்கத்தை, அச்சுத்துறை போன்ற இடங்களுக்கான மாற்றுத் தரமாக வைத்துக்கொண்டது. டாமும் டாப்பும் புழக்கத்திலிருந்து மெல்ல ஒதுங்க, அவற்றோடு அறிவிக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை இன்றைய கைபேசிகளிலும் இருக்கிறது. அது யூனிகோடோடு போட்டியிடவில்லை. எந்தக் குறியாக்கத்தின்மேலும் உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் ஏற்றிய நூல்களை யூனிகோடுக்கு மாற்றி வெளியிட்டது. அச்சகங்களிலும் டி.டி.பி. மையங்களிலும் நிலைமை வேறு. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழ் யூனிகோடைச் சரியாகக் கையாள வெகுகாலம் ஆனதால், பழைய எழுத்துருக்களிலேயே ஆயிரக்கணக்கான நூல்கள் கோக்கப்பட்டன. அப்படி உருவான பிடிஎஃப் கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து விழும்; எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியில் போட்டு, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று பிழை திருத்திய பிறகே அது மறுபதிப்புக்கு ஆகும்.