தாயா, உடன்பிறப்பா?

ஜோகுபாளையத்தில் வாழும் தமிழ் மக்களுக்கு அல்சூர் அயலிடமன்று. அவ்வூரைக் கன்னடத்தார் ஹலசூரு என்பர். ஹலசு என்றால் பலா. பலாமரங்கள் மிகுந்திருந்தமையால் அப்பெயர் வந்தது என்று பெயர்க்காரணம் கூறுவதுண்டு. பலாவும் ஹலசும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பழங்கன்னடத்தில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆனதும் இவ்வாறே.

இதைக் கண்டதும் நம்மிற் சிலர், தமிழிலிருந்தே கன்னடம் பிறந்தது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். சற்றே பொறுத்தல் வேண்டும். நாம் செவி என்பதைக் கன்னடத்தார் கிவி என்பர். இங்கே ககரமே பழைய ஒலி. தமிழில்தான் அது சகரமாகத் திரிந்தது என்பது மொழிநூலார் கண்ட முடிபு. ஓரிடத்தில் பழமையைத் தமிழ் காத்தது. மற்றோரிடத்தில் கன்னடம் காத்தது. அங்ஙனமாயின் ஒன்றை மற்றொன்றின் தாய் என்பது எவ்வாறு பொருந்தும்? எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் தென்மொழிகளை ஒரு குடும்பமெனக் காட்டினர். அதன்பின் வளர்ந்த ஆராய்ச்சி, இவ்விரண்டையும் ஒரு மூலமொழியின் வழிவந்த உடன்பிறப்புகள் என்றே கூறுகிறது. தமிழுக்குக் கி.மு. காலத்துக் கல்வெட்டுகள் உள. கன்னடத்தின் புகழ்பெற்ற ஹல்மிடிக் கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 450ஐச் சேர்ந்தது. முந்தி எழுதத் தொடங்கியமை தமக்கைக்குப் பெருமை தரும், அவளைத் தாயாக்கிவிடாது.

இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. 2025 மே மாதம் சென்னையில் நடந்த ஒரு திரைப்பட விழாவில் நடிகர் கமல்ஹாசன், தமிழிலிருந்து கன்னடம் பிறந்ததென்று பேசினார். அன்பினால் சொன்னதாகப் பின்னர் விளக்கினார். அன்பு நல்லதே, ஆயினும் அது சான்றாகாது. கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. மன்னிப்புக் கேளாவிடில் படம் வெளிவராது என்றனர். வழக்கு ஜூன் 3 அன்று கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீர் வரலாற்றாசிரியரா, மொழியறிஞரா என்னும் வினாவும், மன்னிப்புக் கோரலாகாதா என்னும் வினாவும் எழுந்தன. ஜூன் 5 அன்று பிற இடங்களில் வெளிவந்த படம் அங்கு வெளிவரவில்லை. ஜூன் 17 அன்று உச்சநீதிமன்றம், மன்னிப்புக் கேட்கச் சொல்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்றும், தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கூட்டத்தார் மிரட்டித் தடுக்கலாகாது என்றும் கூறியது.

இதில் வரலாறு இருமுறை துன்புற்றது. சான்று காட்டாமல் மேடையில் முழங்கியது முதல் தவறு. தவறான கூற்றைச் சான்றினால் மறுக்காமல் அச்சத்தினால் அடக்க முயன்றது அதனினும் பெரிய தவறு. ஒரு மொழியின் பிறப்பைக் கைதட்டலும் தீர்மானிக்காது, கல்லெறியும் தீர்மானிக்காது, நீதிமன்ற ஆணையும் தீர்மானிக்காது.

கல்வெட்டுகளையும் நாம் இவ்வாறே படித்தல் வேண்டும். ஜோகுபாளையத்துக்கு அண்மையில் டொம்ளூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை நகருக்கு நாம் பெற்ற பட்டாவாகக் காட்டுவோர் உண்டு. அக்காலத்தில் இப்பகுதியை ஆண்டவர்களோ போசளர். கன்னட நாட்டில் எழுந்த மரபினர். அம்மரபின் வீரராமநாதன் திருவரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரிலிருந்து ஆண்டவன். அதே பெங்களூரின் பெயரைக் கூறும் பேகூர் நடுகல், கி.பி. 890 அளவில் கன்னடத்தில் எழுந்தது. இவ்விரு கற்களும் சேர்ந்து சொல்வது, இம்மண்ணில் இரு மொழியாரும் நெடுங்காலம் பழகினர் என்பதே. ஒரு கல்லை மட்டும் காட்டி மற்றொன்றை மறைப்பவன், தமிழனாயினும் கன்னடனாயினும், பொய்ச்சாட்சி சொல்பவனே ஆவான்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது வீண்பேச்சன்று. 1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டி எழுந்த கலவரத்தில் இந்நகரத் தமிழர் பட்ட துன்பத்தை முதியோர் மறந்திலர். மேடையில் ஒருவர் வீசும் சொல்லுக்கு விலை கொடுப்பவர், தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஏழையே. ஆதலால் அஞ்சி வாய்மூடி இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. அறிந்து பேசுதல் வேண்டும். நம் பிள்ளைகள் தமிழைப் பிழையற எழுதட்டும். கன்னடத்தையும் அன்போடு கற்கட்டும். இரண்டையும் கற்ற பிள்ளைக்குச் செவியும் கிவியும் உறவு என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அல்சூர் ஏரிக்கு அருகே திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் திரைமூடி நின்றது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அத்திரையை விலக்கியது, எது தாய் எது சேய் என்னும் வழக்கின் தீர்ப்பன்று. இரு புலவர்க்கும் இரு நகரிலும் இடமுண்டு என்று இரு தரப்பாரும் இசைந்த இசைவே அது.