திகட சக்கரம் முதல் மெயின் சுவிட்ச் வரை

பெரிய காஞ்சிபுரத்தில் படித்த நமக்குக் குமரக்கோட்டத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் அங்கே ஓடாதவர் நம்மில் எத்தனை பேர்! ஆனால் ஒரு சொல்லுக்காக அங்கே பெரிய வழக்கே நடந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கோயிலில் பூஜை செய்த கச்சியப்ப சிவாச்சாரியார், 10,345 பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை அங்கேயே அரங்கேற்றினார். 'திகட சக்கரம்' என்று ஆரம்பித்ததுமே சபையில் ஒருவர் எழுந்துவிட்டாராம். 'திகழ்' என்பதும் 'தசக்கரம்' (பத்துக் கை) என்பதும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று தொல்காப்பியத்தில் விதி இருக்கிறதா என்பது அவர் கேள்வி. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வந்து, வீரசோழியத்தைப் பிரித்து விதியைக் காட்டிவிட்டு மறைந்தார். வந்தவர் முருகனே என்பது நம்மூர் நம்பிக்கை.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் செய்த இலக்கணம். சைவப் புராணத்தின் முதல் சொல்லைக் காப்பாற்ற பௌத்தரின் நூல் வந்ததாகக் கதை சொல்கிறது! பழைய நூலில் இல்லை என்பதாலேயே ஒரு சொல் தவறாகிவிடாது.

அடுத்த உதாரணமும் நம்மூர்தான். இங்கே 1909-ல் பிறந்த அண்ணா, 1942-ல் 'திராவிட நாடு' வார இதழை இங்கிருந்தே தொடங்கினார். அன்று சங்கம் என்றால் காரியதரிசி, கூட்டம் என்றால் அக்கிராசனர், தேர்தல் என்றால் அபேட்சகர். அண்ணாவும் அவர் காலத்து எழுத்தாளர்களும் பேச்சாளர்களும் செயலாளர், தலைவர், வேட்பாளர் என்று எழுதி எழுதி, பேசிப் பேசி, டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1967-ல் அவர் முதல்வரானதும் அரசாங்கத் தாள்களில் 'ஸ்ரீ' போய் 'திரு' வந்தது. வேட்பு, செயல் எல்லாம் பழைய சரக்கு. 'ஆளர்' பழைய விகுதி. இணைப்புதான் புதிது. பொறியாளர் என்ற நம் பெயரும் அதே அச்சில் வார்த்ததுதான்.

இனி என் கதை. முதல் வேலையில், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். அகராதியைப் புரட்டி, 'மின்சுற்றுத் துண்டிப்பானை இயக்கவும்' என்று பெருமையாக எழுதி மாட்டினேன். ஒரு பெரியவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்றீங்களா?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. அவசரத்தில் ஒருத்தர் இதைப் படித்துப் புரியாமல் நின்றிருந்தால்? அன்றே பலகையைக் கழற்றி, 'முதலில் மெயினை அணை' என்று மாற்றினேன்.

என் சொல்லில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அதைப் பேச ஆள் இல்லை. கச்சியப்பருக்கு விதி கிடைத்தது. அண்ணாவுக்கு வாய்கள் கிடைத்தன. இரண்டும் வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் துறையில் தமிழ்ப் பெயர் இல்லாத கருவிகள் ஏராளம். தைரியமாகப் பெயர் வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கருவியைக் கையில் பிடிப்பவரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிச் சொன்னால், அது பிழைத்துக்கொள்ளும்.