பிஜிஎன் கோப்பில் எந்திர ஆய்வு

சதுரங்க ஆட்டங்களை எந்தக் கணினியும் படிக்கும்படி வெறும் எழுத்துகளால் குறித்து வைப்பதற்கென 1993இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்தளித்த பிஜிஎன் என்னும் முறையில், ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஆட்ட எந்திரத்தின் அபிப்பிராயத்தையும் நகர்த்தலுக்கு அருகிலேயே சேமித்து வைக்கலாம். எந்திரம் சிபாரிசு செய்யும் மாற்று வரிசை, தான் எந்த நகர்த்தலுக்கு மாற்றோ அதனை அடுத்து வளைந்த அடைப்புக்குறிக்குள் இடம்பெறும். அதனுள்ளே உபவரிசைகளும் கிளைக்கலாம். நகர்த்தலின் குணதோஷங்களை டாலர் குறியிட்ட எண்கள் சுட்டும்: 1 நல்லது, 2 பிழை, 4 பெரும்பிழை. எந்திரம் ஆட்டநிலைக்குத் தரும் மதிப்பெண்ணுக்கோ மூல விதியில் தனியிடம் இல்லை. ஆகவே பிற்காலத்தார் அதனை நெளிந்த அடைப்புக்குள் வரும் குறிப்புரையிலே, சதவிகிதக் குறியும் 'இவால்' என்ற சொல்லும் முன்னிற்க, சிப்பாய்க் கணக்கில் எழுதும் சம்பிரதாயத்தை ஏற்படுத்திக்கொண்டனர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்ட எந்திரமும் பலகை மென்பொருளும் பேசிக்கொள்ளும் யூசிஐ நெறிப்படி இயங்கும் எந்திரம், சிப்பாயின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, நகர்த்த வேண்டிய தரப்பின் நோக்கிலே மதிப்புரைக்கும். கோப்பிலோ வெள்ளையின் நோக்கே வழக்கம். கறுப்பின் முறையில் எந்திரம் 85 என்றால் அதனை −0.85 என மாற்றிப் பதியாவிடில், தாழ்ந்த தரப்பு உயர்ந்ததாகத் தோன்றிவிடும். தேடிய ஆழத்தையும் உடன் குறித்து வைப்பது உத்தமம். 12ஆம் ஆழத்தில் போற்றிய நகர்த்தலை 30ஆம் ஆழத்தில் அதே எந்திரம் தள்ளிவிடுவது சகஜம்.