கமர் என்றால் இடுப்பு

ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் சேலத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். நேற்று வரை நன்றாக ஓடிய குதிரை ஒரு நாள் பின்னங்காலை இழுக்கும். பிறகு பின்பக்கம் தள்ளாடி விழுந்துவிடும். தீனி எடுக்கும், காதை ஆட்டும், எழுந்திருக்க மட்டும் முடியாது. "இடுப்பு விட்டுப்போச்சு" என்பார்கள். பாரம் அதிகம் ஏற்றினான் என்று வண்டிக்காரனுக்கு ஏச்சு, குதிரைக்கு இடுப்பில் சூடு. அந்த வீட்டில் அடுப்பெரிய இருந்த ஒரே வழி அந்தக் குதிரைதான்.

இந்த நோய்க்கு 'கும்ரி' என்று பெயர். இந்துஸ்தானியில் கமர் என்றால் இடுப்பு. வெள்ளைக்கார மிருக வைத்தியர்களும் அதை இடுப்பு வாதம் என்றே எழுதினார்கள். பெயர் இடுப்பைக் காட்டியதால் எல்லாருடைய கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானிலும் ஆடுகளுக்கு இதே போன்ற வாதம் வந்தது. அங்கேயும் இடுப்பு வாதம் என்றுதான் பெயர்! அதை ஆராய்ந்தவர்களில் ஷோஹோ ஒருவர். காரணம் 'செட்டேரியா டிஜிடேட்டா' என்ற புழு. யானைக்கால் புழுவுக்கு உறவு. மாட்டின் வயிற்றுக்குள் பெரிய தொந்தரவு தராமல் வாழும். அதன் குஞ்சைக் கொசு எடுத்துக்கொண்டுபோய் ஆட்டிடமோ குதிரையிடமோ விட்டால், வழி தெரியாமல் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஏறிவிடும். 1952இல் இன்ஸ், ஷோஹோ ஆகியோருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதியவர் பெருமாள் பிள்ளை. 1955இல் இன்ஸும் பிள்ளையும், இலங்கைக் குதிரைகளின் கும்ரியும் இதே நோய்தான் என்று பிரிட்டிஷ் கால்நடை இதழில் எழுதினார்கள். நம் பெயருள்ள ஒருவரை அங்கே பார்த்தபோது மனசு நிறைந்தது.

ஆக, வண்டிக்காரன் மேல் குற்றமில்லை. பக்கத்துக் கொட்டகை மாடும் ஒரு கொசுவும் போதும்.

உயிருள்ள குதிரையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். 'லிக்கிட் செஃபாலோ-ரஷிதியேன்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் மஜாந்தி என்ற பிரெஞ்சுக்காரர். 1825 முதல் அதைப் பற்றி எழுதினார். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயர் வாயில் சுலபமாக வரும். அந்த மனிதர் மயக்க மருந்து இல்லாத நாளில் விலங்குகளை அறுத்துப் பார்த்த விதம்தான் தொண்டையில் நிற்கிறது.

குதிரையில் அந்த நீரை எடுக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று பிடரி, அதற்குக் குதிரையைப் பெரும்பாலும் மயக்கிப் படுக்க வைக்க வேண்டும். மற்றது இடுப்பெலும்பு முடிகிற இடம். லேசான மயக்க ஊசி போட்டால் நின்றபடியே எடுக்கலாம். நல்ல நீர் பளிங்கு போல இருக்கும். புழு புகுந்தால் புரதம் கூடலாம், ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்கள் தென்படலாம். இப்போது 'நியூரோஃபிலமென்ட்' என்ற புரதத்தையும் அளக்கிறார்கள். நரம்பு இழை முறியும்போது நீரில் கசிவது அது. அளவு உயர்ந்தால் எங்கோ நரம்பு சேதம் என்று தெரியும். புழுவா வேறொன்றா என்று அது சொல்லாது. சில நோயாளிக் குதிரைகளுக்கு அளவு சாதாரணமாகவே வருவதும் உண்டு.

அந்த இரண்டாவது ஊசி இறங்கும் இடத்தை ஒட்டித்தான் அன்று சூட்டுக்கோலும் வைத்தார்கள்.