வின்சர் மெக்கே: கட்டங்களிலிருந்து திரைக்கு

படக்கதை எழுதியவர்கள் திரைப்படத்துக்குப் போவது இன்று புதிய செய்தியல்ல. ஆனால் இவ்விரு துறைகளும் நடைபழகிக்கொண்டிருந்த காலத்திலேயே, இரண்டையும் ஒரே மேசையில் அமர்ந்து வளர்த்த ஒருவர் இருந்தார். அமெரிக்கரான வின்சர் மெக்கே அவர். அவருடைய படக்கதைகளைப் பற்றியும் குறும்படங்களைப் பற்றியும் தனித்தனியே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் மற்றொரு கதையும் தென்படுகிறது: கலைஞனின் கையும் நேரமும் யாருக்குச் சொந்தம் என்ற நெடிய வழக்கு. அதையே நாம் இங்கே பின்தொடர விரும்புகிறோம்.

மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த மெக்கே, சின்சினாட்டி நகரில் மலிவுக் கட்டணக் காட்சிசாலைகளுக்கு விளம்பரப் படங்கள் வரைந்து கைபழகியவர். 1903இல் நியூயார்க் வந்து 'ஹெரால்டு' நாளிதழில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 'லிட்டில் சாமி ஸ்னீஸ்' என்ற தொடர் வெளியானது. ஒரு சிறுவன் வாரந்தோறும் தும்முகிறான். சுற்றியுள்ள அனைத்தும் சிதறுகின்றன. கதை அவ்வளவுதான். ஆனால் அவன் முகம் கட்டத்துக்குக் கட்டம் எப்படி மாறுகிறது என்று கவனித்தால், பார்வைக்கோணமும் பின்னணியும் அசையாமலிருக்க, தும்மல் மட்டும் படிப்படியாக முற்றுவது விளங்கும். படச்சுருளின் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்தாற்போன்ற உணர்வு அது. 1905 செப்டம்பரில் வந்த ஒரு பக்கத்தில், தும்மலின் வேகத்தில் கட்டத்தின் கோடுகளே நொறுங்கி அச்சிறுவன்மேல் விழுகின்றன.

1905 அக்டோபர் 15 அன்று 'லிட்டில் நீமோ இன் ஸ்லம்பர்லேண்ட்' தொடங்கியது. நாளிதழின் முழுப் பக்கத்தை வண்ணத்தில் நிறைத்த ஞாயிற்றுக்கிழமைத் தொடர். ஒரு சிறுவன் உறங்குகிறான், கனவுலகில் அலைகிறான், கடைசிச் சிறு கட்டத்தில் படுக்கையில் விழித்தெழுகிறான். மெக்கேயின் மகன் ராபர்ட்டே நீமோவுக்கு முன்மாதிரி. 1908 ஜூலையில் வந்த ஒரு பக்கத்தில் நீமோவின் கட்டிலுக்குக் கால்கள் நீள்கின்றன. கட்டில் நகரத்துக் கூரைகளைத் தாண்டி நடக்கிறது. அதற்கேற்பக் கட்டங்களும் உயரமாகிக்கொண்டே போகின்றன. கட்டத்தின் அளவையே கதை சொல்லும் கருவியாக்கிய தொடக்கச் சாதனைகளில் இதற்கு முதன்மையான இடமுண்டு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மெக்கேயின் சொற்கள் அவருடைய கோடுகளுக்கு ஈடானவை அல்ல. பேச்சுக் குமிழிகளில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. படம் காட்டிவிட்டதையே அவை திரும்பச் சொல்கின்றன. 'இம்பி' என்ற கறுப்பினப் பாத்திரத்தை அவர் வரைந்திருக்கும் விதம், அக்காலத்து இனவெறிக் கேலியின் வார்ப்பு. இன்று அப்பக்கங்களை மனம் கூசாமல் புரட்ட இயலாது.

1906 முதல் 'வோடவில்' எனப்படும் பல்சுவை மேடைகளிலும் அவர் தோன்றி, பார்வையாளர் முன்பு கரும்பலகையில் விரைந்து படம் வரைந்துகாட்டினார். அம்மேடைக்காகவே குறும்படம் பிறந்தது. மகன் வைத்திருந்த, விரலால் விரைந்து புரட்டும் படப்புத்தகங்களே தூண்டுதல் என்று அவர் கூறியதுண்டு. நீமோவின் பாத்திரங்களைக் கொண்டு ஏறத்தாழ 4,000 படங்கள் வரைந்து 1911இல் முதல் படத்தை முடித்தார். வண்ணம் வேண்டுமென்பதற்காகப் படச்சுருளுக்கே கையால் சாயம் தீட்டப்பட்டது. 1912இல் கொசுவைப் பற்றிய ஒரு படம் வந்தது.

1914 பிப்ரவரியில் சிகாகோவில் 'கெர்ட்டி' மேடையேறியது. இதையே உலகின் முதல் கார்ட்டூன் படம் என்போர் உண்டு, அது சரியன்று. பிரான்ஸில் எமில் கோல் 1908இலேயே 'ஃபாண்டாஸ்மகோரி'யைத் தந்துவிட்டார். கெர்ட்டியின் பெருமை வேறு. அவளுக்கு ஒரு குணம் இருந்தது. கையில் சாட்டையோடு திரைக்கு அருகே நிற்கும் மெக்கே கட்டளையிடுகிறார். அந்த டைனோசர் பணிகிறாள், முரண்டுபிடிக்கிறாள், கடிந்துகொண்டால் அழுகிறாள். முடிவில் மெக்கே திரைக்குப் பின்னே மறைய, அதே கணம் வரையப்பட்ட மெக்கே அவள் முதுகில் ஏறிப் போகிறார். பக்கத்தில் எப்போதும் இடறிய சொல், இங்கே படைத்தவர் வாயிலிருந்தே வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் இடைவெளிகளையும் சேர்த்தே படங்கள் வரையப்பட்டிருந்தன. பின்னணியை மட்டும் ஓர் இளம் உதவியாளர் தாள்தோறும் படியெடுத்தார். கெர்ட்டி மூச்சுவிடும் கால அளவைக் கணிக்க, மெக்கே தம் மூச்சையே கடிகாரம் வைத்து அளந்தார்.

வழக்கு இங்குதான் முற்றுகிறது. 1911இல் மெக்கே, வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டின் 'நியூயார்க் அமெரிக்கன்' இதழுக்கு மாறியிருந்தார். சம்பளம் அதிகம், பிடியும் அதிகம். ஊழியர் ஊர் ஊராக மேடையேறுவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. மேடைப் பயணங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1914இல் நீமோவும் நின்றது. ஆசிரியர் ஆர்தர் பிரிஸ்பேனின் தலையங்கங்களுக்குப் படம் வரைவதே அவருடைய பணியாயிற்று. கனவுகளை வரைந்த கை, பிறர் கருத்துக்கு விளக்கப்படம் வரைந்தது.

1915 மே 7 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி 'லூசிட்டானியா' கப்பலைத் தகர்த்தது. ஏறத்தாழ 1,200 பேர் மடிந்தனர். அமெரிக்கா போரில் இறங்குவதை ஹெர்ஸ்ட்டின் இதழ்கள் எதிர்த்தன. அந்நிலைப்பாட்டுக்கு மெக்கே படம் வரைந்தார். அதே மெக்கே, ஓய்வு நேரத்தில், சொந்தச் செலவில் அக்கப்பல் மூழ்குவதைப் படமாக்கத் தொடங்கினார். செல்லுலாயிட் தாள்களில் 25,000 படங்கள் தேவைப்பட்டதாக அப்படமே அறிவிக்கிறது. 1918 ஜூலையில் அது வெளிவந்தபோது அமெரிக்காவே போரில் இருந்தது. பிரச்சாரப் படம்தான், ஐயமில்லை. ஆயினும் நேரில் கண்டவர் எவரும் படம்பிடித்திராத பேரழிவை, ஆவணப்படத்தின் நிதானத்தோடு கோடுகளால் சொல்லிய முயற்சி அது. பகலில் முதலாளிக்கு ஒன்றும் இரவில் தனக்கு வேறொன்றும் வரைந்த மனிதரின் மனநிலையை அவர் எங்கும் விரிவாக எழுதவில்லை. அவ்விரு வகைப் படங்களையும் அருகருகே வைத்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

1921இல் வெளியான மூன்று படங்களோடு அவருடைய திரைப்பணி ஓய்ந்தது. தம் உத்திகளுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. பத்திரிகையாளர் என்று சொல்லி வந்து செய்முறையைப் பார்த்துச் சென்ற ஜான் பிரே, காப்புரிமை பெற்று அவர்மீதே வழக்குத் தொடுத்தார், மெக்கே வென்றார். ஆனால் வேலையைப் பலருக்குப் பகிர்ந்து, வாரந்தோறும் படம் தயாரிக்கும் பிரேயின் தொழிற்கூட முறையே நிலைத்தது. 1924இல் நீமோவை மீண்டும் வரைந்தார், வாசகர் திரும்பவில்லை. 1926இல் தொடர் முடிந்ததும், அதன் உரிமையை 'ஹெரால்டு ட்ரிப்யூன்' 1 டாலருக்கு அவரிடமே ஒப்படைத்தது.

1927இல் நியூயார்க்கின் அசைவூட்டக் கலைஞர்கள் அவருக்கு விருந்தளித்தனர். கலையாக நான் கண்டதை நீங்கள் வியாபாரமாக்கிவிட்டீர்கள் என்று அவர்களிடமே சொல்லி அமர்ந்தார் மெக்கே. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அவர் சற்று அநியாயமாகப் பேசினார் என்றும் நமக்குத் தோன்றுகிறது. தனியொருவர் மாதக்கணக்கில் வரைந்து சில நிமிடப் படம் தரும் முறையில் இக்கலை பரவியிருக்காது. விருந்துக்கு வந்தவர்களும் கூலிக்கு வரைந்தவர்கள்தாம். அவரைப்போலவே முதலாளிக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு இல்லாதது, சொந்தச் செலவில் 25,000 படம் வரையக்கூடிய வசதி. அவ்வசதியை அவருக்குத் தந்ததும் ஹெர்ஸ்ட்டின் சம்பளமே.

மெக்கே 1934 ஜூலை 26 அன்று காலமானார். ஆயிரக்கணக்கான மூலப் படங்கள் அழிந்துபோயின. படச்சுருள்கள் பல சிதைந்தன. எஞ்சியவற்றுள் 'கெர்ட்டி' 1991இலும், 'நீமோ' 2009இலும், 'லூசிட்டானியா' 2017இலும் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன. மூன்றும் இன்று இணையத்தில் காணக்கிடைக்கின்றன. மூன்றையும் பார்க்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். வாசகர்கள் முதலில் கெர்ட்டியைப் பார்க்கட்டும். அவள் அசைவற்று நிற்கும் தருணத்திலும் வயிறு மெல்ல ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். அது மெக்கேயின் மூச்சு.